கலைமானின் கொம்பு ஏன் கரிந்தது?

டிசம்பர் பிறந்துவிட்டால் பேரங்காடிகளில் கலைமான், பனிக்கரடி, பென்குயின் வடிவ பிஸ்கட் அச்சுகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். விலையும் அதிகமில்லை. வாங்கி வருகிறீர்கள். காணொளி ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன அளவுப்படியே மாவைப் பிசைந்து, தேய்த்து, அச்சால் வெட்டி, இருபது கலைமான்களை அடுப்புக்குள் அனுப்புகிறீர்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து வெளியே வருபவை என்ன? கொம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி கரிந்து, கால்கள் குட்டையாகி, வயிறு மட்டும் வேகாமல் வெளுத்துக் கிடக்கும் ஏதோ ஓர் உயிரினம்.

எனக்கும் இப்படித்தான் ஆனது. அக்காள் மகள் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது தவளையா?” என்று கேட்டாள்.

செய்முறையில் பிழையில்லை. உங்கள் கையிலும் பிழையில்லை. அந்தச் செய்முறையை எழுதியவர் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் வீட்டில் அது எப்போதும் இருப்பதால் சேர்க்கத் தோன்றவில்லை. அந்தப் பொருள் குளிர்.

பிஸ்கட்டின் பிறந்த வீடு

குளிர்கால விடுமுறையில் விலங்கு வடிவ பிஸ்கட் சுடும் வழக்கம் வட ஐரோப்பாவில் பல நாடுகளில் உண்டு. சுவீடனை எடுத்துக்கொள்வோம். அங்கே டிசம்பர் முழுவதும் வீடுகளில் ‘பெப்பர்காக்கோர்’ என்னும் மெல்லிய பிஸ்கட் சுடுவார்கள். டிசம்பர் 13ஆம் நாள் வரும் லூசியா திருநாளில் அது இல்லாமல் இருக்காது. இதயம், பன்றி, வெள்ளாடு ஆகியவை அதன் பழைய அச்சு வடிவங்கள். அந்தப் பெயருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘மிளகுப் பணியாரம்’ என்று வரும். இன்று அதில் பெரும்பாலும் மிளகு சேர்ப்பதில்லை. இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, ஏலக்காய் ஆகியவைதான் வாசனைக்கு. இவற்றில் ஒன்றுகூட சுவீடனில் விளைவதில்லை என்பதைக் கவனியுங்கள். கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஏலக்காயின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை.

பெப்பர்காக்கோர் மாவைப் பிசைந்ததும் சுட மாட்டார்கள். ஓர் இரவு முழுவதும் குளிரில் வைத்துவிடுவார்கள். மறுநாள் எடுத்துத் தேய்க்கும்போதும் சமையலறை இருபது டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நம் வீட்டுச் சமையலறையோ பகலில் முப்பதைத் தாண்டும். இந்தப் பத்து டிகிரி வித்தியாசம்தான் கலைமானைத் தவளையாக்கியது. எப்படி என்று பார்ப்போம்.

வெண்ணெய் ஒரே நொடியில் உருகுவதில்லை

பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். ஒரே பொருள், ஒரே உருகுநிலை. வெண்ணெய் அப்படியல்ல. அதில் பல வகைக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வெப்பநிலையில் உருகும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயில் கொழுப்பின் ஏறக்குறைய பாதி திடப் படிகங்களாக இருக்கும். 20 டிகிரியில் திடமாக இருப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். 30 டிகிரியில் மிகச் சொற்பமே மிஞ்சும். 35 டிகிரி வாக்கில் எல்லாம் திரவம்.

அதாவது, நம் வீட்டு மேசையில் அரை மணி நேரம் வைத்த மாவில் வெண்ணெய் ஏற்கெனவே பெரும்பகுதி உருகிவிட்டது. அடுப்புக்குள் போனதும் அந்த மாவு உடனே வழியத் தொடங்குகிறது. குளிர்ந்த மாவோ சூடேறி இளகுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அதன் ஓரங்களில் ஈரம் வற்றி, மாவு இறுகத் தொடங்கிவிடும். உருகுவதற்கும் இறுகுவதற்கும் இடையே ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. இறுகுவது முந்தினால் கொம்பு நிற்கும். உருகுவது முந்தினால் தவளைதான்.

அடுப்பை முன்கூட்டியே முழுச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். இளஞ்சூட்டில் தட்டை உள்ளே தள்ளினால் வெண்ணெய் நிதானமாக உருகும், ஓரம் இறுகாது. பந்தயத்தில் ஒருவரை மட்டும் முன்னால் ஓட விட்ட மாதிரி.

சமையல் சோடா இன்னொரு காரணம். சூட்டில் அது சிதைந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது; மாவு உப்பிப் பரவுகிறது. வட்ட பிஸ்கட்டுக்கு அது நல்லதுதான். கொம்புள்ள விலங்குக்கு வேண்டாம். மாவு நிறம் மாறுவதையும் சோடாவின் காரத்தன்மை விரைவுபடுத்தும் என்பதால் கரிவதற்கும் அது துணை போகும்.

நான் இப்போது பயன்படுத்தும் அளவு: கோதுமை மாவு 300 கிராம், வெண்ணெய் 150 கிராம், பொடிச் சீனி 120 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. சோடா இல்லை. வெண்ணெயையும் சீனியையும் குழைத்து, முட்டை சேர்த்து, கடைசியில் மாவைப் போட்டு, ஒன்றுசேரும் வரை மட்டும் கலக்குங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்துவிடாதீர்கள். கோதுமைப் புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது ‘குளூட்டன்’ என்னும் ரப்பர் போன்ற வலை உருவாகும். வெட்டிய பிறகு அந்த வலை பின்னோக்கி இழுக்கும். வட்டம் முட்டையாகும், கரடி ஒல்லியாகும்.

மாவை இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்து 5 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, தேய்த்த தகடாகவே குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும்; எடுத்துத் தேய்க்கும்போது மறுபடி இளகிவிடும். அச்சால் வெட்டிய பின் தட்டோடு உறைபெட்டியில் ஒரு பத்து நிமிடம். பிறகு 170 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 12 நிமிடம். அடுப்புக்கு அடுப்பு வேறுபடும் என்பதால் பத்தாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியே பாருங்கள். சூடான தட்டை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வடிவம் நின்றுவிடும். ஆனால் கொம்பின் நுனி இன்னும் கரியும். அது வேறு கணக்கு.

கொம்புக்கு 8.5, வயிற்றுக்கு 5

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கலைமானின் வயிறு 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்று வைத்துக்கொள்வோம். கனம் அரை சென்டிமீட்டர். மேல், கீழ், ஓரம் எல்லாம் சேர்த்து அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 31.4 சதுர சென்டிமீட்டர். கன அளவு 6.28 கன சென்டிமீட்டர். வகுத்தால் 5. அதாவது ஒவ்வொரு கன சென்டிமீட்டர் மாவுக்கும் சூடு உள்ளே நுழைய 5 சதுர சென்டிமீட்டர் வாசல்.

இனி கொம்பு. 2 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம், அதே அரை சென்டிமீட்டர் கனம். நான்கு பக்கங்களும் நுனியும் சேர்ந்து 4.25 சதுர சென்டிமீட்டர். கன அளவு அரை கன சென்டிமீட்டர். வகுத்தால் 8.5.

அதே அடுப்பு, அதே மாவு, அதே நேரம். ஆனால் கொம்புக்கு வாசல் பெரிது. சூடு வேகமாக உள்ளே போகிறது. ஈரம் வேகமாக வெளியே போகிறது. இந்த ஈரம்தான் முக்கியம். மாவில் நீர் இருக்கும்வரை அது ஆவியாகிக்கொண்டே வெப்பத்தை எடுத்துச் செல்லும். வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் தீர்ந்ததும் வெப்பநிலை மளமளவென ஏறும். 140 டிகிரியை நெருங்கும்போது, புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தரும். 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயாரின் பெயரால் இதை ‘மயார் வினை’ என்கிறோம். வயிற்றில் இன்னும் ஈரம் இருக்கும்போதே கொம்பில் மயார் வினை முடிந்து கரியும் கட்டம் வந்துவிடுகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் காட்டு விலங்குகளின் கதை கிடைக்கும். சூடான அடுப்பில் மெல்லிய உறுப்பு வேகமாகச் சூடேறுகிறது என்றால், குளிர்ந்த பனிவெளியில் மெல்லிய உறுப்பு வேகமாகச் சூட்டை இழக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் நடக்கிறது. 1877இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோயல் அசாஃப் ஆலன், குளிர்நாட்டு விலங்குகளின் காது, வால், கால் ஆகியவை வெப்பநாட்டில் வாழும் உறவினங்களுடையதைவிடக் குட்டையாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சகாரா பாலைவனத்து ஃபெனெக் நரிக்கு முகத்தைவிடக் காது பெரிதோ என்று தோன்றும். ஆர்க்டிக் நரிக்கு முடிக்குள் புதைந்த சிறு காது. பனிக்கரடியின் காதும் அப்படியே.

எனவே முதல்முறை செய்பவர்கள் பனிக்கரடியிலிருந்து தொடங்குங்கள். பனிவெளியில் சூட்டை இழக்காத உடம்பு, அடுப்பிலும் எளிதில் கரியாது.

இங்கே உங்களில் ஒருவராவது கை தூக்குவீர்கள்: “அப்படியானால் கலைமானுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய கொம்பு?” நல்ல கேள்வி. கொம்பு வளரும் மாதங்களில் அதன் மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மென்தோல் போர்த்தியிருக்கும். குளிர்காலத்துக்கு முன்பே அந்தத் தோல் உரிந்துவிடும். மிஞ்சுவது இரத்த ஓட்டமில்லாத எலும்பு. அதில் இழப்பதற்குச் சூடே இல்லை. இன்னொரு செய்தி: மான் இனங்களில் பெண்ணுக்கும் கொம்பு முளைப்பது கலைமானில்தான். வளர்ந்த ஆண் கலைமான்கள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும், குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். பெண் மான்கள் வசந்தம் வரை வைத்திருக்கும். ஆகவே கிறிஸ்துமஸ் அட்டைகளில் கொம்போடு வண்டி இழுப்பவை பெரும்பாலும் பெண் மான்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுப்பிலுள்ள மானின் கொம்பைக் காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. கொம்பு தடித்த அச்சாகப் பார்த்து வாங்கலாம். அல்லது கொம்பே இல்லாமல் தலையை மட்டும் சுட்டுவிட்டு, கொம்பை ஐசிங்கால் வரையலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஒரு தட்டில் ஒரே அளவுள்ள விலங்குகளை மட்டும் அடுக்குவதும் நல்லது. சின்னக் குட்டிக்கும் பெரிய கரடிக்கும் ஒரே நேரம் கொடுத்தால் குட்டிதான் கரியும்.

உங்கள் அறிவியல் நோட்டுக்கு ஒரு சோதனை. ஒரே மாவில் ஒரே அச்சால் எட்டு மான்கள் வெட்டுங்கள். நான்கை உறைபெட்டியில் வையுங்கள். நான்கை மேசையில் விடுங்கள். சுடுவதற்கு முன்னும் பின்னும் கொம்பின் அகலத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். மாவின் வெப்பநிலை தற்சார்பு மாறி, கொம்பின் அகலம் சார்பு மாறி. கனம், அடுப்பின் சூடு, நேரம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தமிழ்ப்பள்ளியில் ஊசல் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் படித்த அதே பாடம்தான். இதில் சோதனைப் பொருளைச் சாப்பிடலாம்.

ஆனால் சுட்ட பிறகு மட்டும். பச்சை மாவை வழித்து நக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியும். கோதுமை மாவும் வேகாத பொருள்தான் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். 2016இல் அமெரிக்காவில் மாவு வழியாக ஈ.கோலை கிருமி பரவி 60க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

வெள்ளை இல்லாத வெள்ளை

பிஸ்கட் முழுவதும் ஆறிய பிறகே அலங்காரம். சூட்டில் ஐசிங் ஊற்றினால் வெண்ணெய் மேலேறி எண்ணெய்த் திட்டுகள் தெரியும்.

கெட்டியாக உறையும் ஐசிங்குக்கு 250 கிராம் ஐசிங் சீனியும் 40 கிராம் முட்டை வெள்ளைக்கருவும் போதும். இது சுடப்படாது என்பதால், கிருமி நீக்கம் செய்து விற்கப்படும் வெள்ளைக்கருவையே வாங்குங்கள். நன்கு அடித்தால் பால்போல் வெளுத்துவிடும். ஆனால் சீனிப் படிகம் ஒன்றை உற்றுப் பாருங்கள்: அது வெள்ளை அல்ல, கண்ணாடி போல நிறமற்றது. பொடித்ததும் கோடிக்கணக்கான நுண்ணிய பரப்புகள் உண்டாகி, ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. எல்லா நிறங்களும் சேர்ந்து சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. பனிக்கரடியின் முடியும் இதே போன்றதுதான். ஒவ்வொரு முடியும் நிறமற்றது. ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அதன் தோலோ கறுப்பு. நீங்கள் கரடிக்குப் பூசும் வெள்ளையும் கரடியின் சொந்த வெள்ளையும் ஒரே இயற்பியல்.

முதலில் கெட்டியான ஐசிங்கால் ஓரம் கட்டுங்கள். பற்பசை போலப் பிழிந்த இடத்தில் நிற்க வேண்டும். பிறகு சில துளி நீர் விட்டு இளக்கியதை நடுவில் ஊற்றி நிரப்புங்கள். கத்தி முனையால் கீறினால் 15 விநாடிக்குள் கோடு மறையும் பதம் சரியானது.

இனிமேல்தான் நம் நாட்டுச் சிக்கல். ஐசிங் உறைவதென்றால் அதிலுள்ள நீர் காற்றுக்குள் போக வேண்டும். 0 டிகிரிக் காற்றின் ஒரு கன மீட்டரில் அதிகமாகப் போனால் 5 கிராம் அளவு நீராவிதான் இருக்க முடியும். அந்தக் காற்று சுவீடன் வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேறும்போது, 17 கிராம் வரை கொள்ளும் இடத்தில் 5 கிராம்தான் இருக்கிறது. ஈரப்பதம் 30 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தாகத்தோடு இருக்கும் காற்று. ஐசிங்கிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத பிற்பகலில் 60 வாக்கில் இறங்கும். மலேசியாவின் தாழ்நிலங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். இதில் 85 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டினால் சீனி காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இரவில் அலங்கரித்து, சன்னலைத் திறந்து வைத்து, “காலைக்குள் காய்ந்துவிடும்” என்று படுக்கப் போனால், காலையில் கரடி வியர்த்து நிற்கும். பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்குங்கள். குளிர்சாதன அறை இருந்தால் இன்னும் நல்லது. அது காற்றிலுள்ள நீரையும் பிரித்து வெளியே சொட்டவிடும். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீர்க் குவளையைப்போல் மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும்.

பென்குயின் செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. வெள்ளை வயிறு காய்வதற்குள் கறுப்பு முதுகைப் போட்டால், கறுப்புச் சாயம் நீர் வழியே பரவி வயிறு சாம்பலாகிவிடும். வெள்ளையை முழுதாகக் காயவிட்டுப் பிறகு கறுப்பு. நீர் வண்ணத்தைவிடப் பசை வண்ணம் நல்லது.

நீலப் பென்குயின் வேண்டுமா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நீலச் சாயலுள்ள சிறு பென்குயின் உண்மையாகவே உண்டு. கடைச் சாயம் தேவையில்லை. நாசி கெராபு சோற்றுக்கு நிறம் தரும் சங்குப்பூ, அதாவது ‘பூங்கா தெலாங்’, பத்தை இரண்டு தேக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்து, ஐசிங்கை இளக்க அந்த நீரைப் பயன்படுத்துங்கள். முட்டை வெள்ளைக்கரு இயல்பாகச் சற்றுக் காரத்தன்மை உடையது என்பதால் நீலம் நிற்கும். அதில் சிறிது எடுத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். பூவிலுள்ள ‘அந்தோசயனின்’ என்னும் நிறப்பொருள் அமிலத்துக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும். ஒரே பூவில் இரண்டு வண்ணம்.

காய்ந்ததும் தீபாவளிப் பலகாரம் வைக்கும் அதே இறுக்கமான போத்தலில் அடுக்குங்கள். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வெளியே தட்டில் விட்டுவையுங்கள். மறுநாள் காலையில் இரண்டையும் உடைத்து, எது ‘படக்’ என்று முறிகிறது, எது ஓசையில்லாமல் வளைகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாம் முறை மான்கள் மான்களாகவே வந்தன. எடுக்கும்போது ஒன்றின் கொம்பு மட்டும் ஒடிந்துவிட்டது. அக்காள் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இது ஆண் மான், மாமா” என்றாள்.